நூறு எம்பிபிஎஸ் எதன் அளவு?

2004 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட பிராட்பேண்ட் கொள்கை, விநாடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அந்த இணைப்பு பிராட்பேண்ட்தான் என்றது. அடுத்த ஜனவரியில் பிஎஸ்என்எல் 'டேட்டாஒன்' என்ற பெயரில் வீடுகளுக்குக் கொடுக்க ஆரம்பித்ததும் அந்த 256-ல்தான் தொடங்கியது. டயல்-அப் மோடம் கத்தி முடிக்கும்வரை காத்திருந்து பழகியவர்களுக்கு அதுவே பெரிய பாய்ச்சல். 2013-ல் இந்தக் கீழ் எல்லை 512 கிலோபிட் ஆனது. 2023 ஜனவரியில் 2 மெகாபிட். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2015-ல் 25 மெகாபிட் என்று வைத்திருந்த எல்லையை 2024 மார்ச்சில் 100-ஆக உயர்த்தியது.

எண்கள் ஏறியதைவிட இன்னொன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. அமெரிக்க வரையறையில் இரண்டு எண்கள் இருக்கின்றன: 2015-ல் இறக்கத்துக்கு (டவுன்லோடு) 25, ஏற்றத்துக்கு (அப்லோடு) 3, 2024-ல் 100-ம் 20-ம். நம்முடைய 2023 வரையறை இறக்கத்தை மட்டும் பேசுகிறது. தெருமுனை விளம்பரப் பலகையும் அப்படித்தான். '100 எம்பிபிஎஸ் வரை, அன்லிமிடெட், மாதம் இவ்வளவு, ஜிஎஸ்டி தனி.' அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது.

வீட்டில் 'நெட் ஸ்லோவா இருக்கு' என்று சொல்வது ஒரே புகார் மாதிரிதான் கேட்கும். படம் நடுவில் நின்று வட்டம் சுற்றுவதும், வீடியோ காலில் நம் குரல் மட்டும் விட்டுவிட்டுப் போவதும், வங்கிப் பக்கம் திறக்க நேரம் பிடிப்பதும், விளையாட்டில் சுட்ட குண்டு தாமதமாகப் பாய்வதும் வேறு வேறு கோளாறுகள். அவற்றுக்கு வேறு வேறு அளவுகள் உண்டு. பொறியாளர்கள் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். பலகையில் இருக்கும் எண் இவற்றில் ஒன்றுக்குத்தான் பதில் சொல்லும். அதிலும் பல வீடுகளில் இன்று குறையே இல்லாதது அந்த ஒன்றுதான்.

முதலில் அலகுக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு எத்தனை மெகாபிட் என்ற கணக்கு. கோப்பின் அளவைக் கணினியும் போனும் மெகாபைட்டில் காட்டுகின்றன. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆங்கிலத்தில் சின்ன 'பி' போட்டால் பிட், பெரிய 'பி' போட்டால் பைட். நோட்டீஸ் அச்சடிப்பவர் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாகவே போட்டுவிடுவதால் வேறுபாடு அங்கேயே அழிந்துபோகிறது. 4 ஜிபி கல்யாண வீடியோ ஒன்றை இறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4-ஐ 8-ஆல் பெருக்கினால் 32 ஜிகாபிட், அதாவது 32,000 மெகாபிட். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 320 விநாடி. வழியில் சேரும் செலவையும் கூட்டினால் ஐந்தரை நிமிடத்துக்குச் சற்று மேல். அந்த நேரத்தில் டவுன்லோடு பெட்டி விநாடிக்கு 11 அல்லது 12 மெகாபைட் என்று காட்டும். 'நூறுக்குப் பணம் கட்டினேன், பன்னிரண்டுதான் வருது' என்று கஸ்டமர் கேருக்குப் போன் போடுகிறவர்களின் இணைப்பு உண்மையில் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

வழியில் சேரும் செலவு என்றேனே, அதைக் கணக்கிட்டே காட்டலாம். தகவல் பாக்கெட் பாக்கெட்டாகப் போகிறது. ஈதர்நெட் கம்பியில் ஒரு பாக்கெட்டுக்கு ஆகும் இடம், இடைவெளி உட்பட, 1,538 பைட். முகவரி, வரிசை எண், பிழைச் சரிபார்ப்பு எல்லாம் போக நம் கோப்புக்கு மிஞ்சுவது 1,448 பைட் அளவில். ஒன்றை ஒன்றால் வகுத்தால் 94 சதவீதம். ஆகவே 100 மெகாபிட் கம்பியின் வழியே எந்தச் சோதனையும் 94-க்கு மேல் காட்டாது.

இந்த 94 ஒரு நல்ல துப்பு. 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறிய பிறகும் சோதனை 94-லேயே நிற்கிறதா? லைனைக் குறை சொல்லும் முன் வீட்டுக்குள் பாருங்கள். பழைய ரௌட்டர்களிலும் விலை குறைந்த பெட்டிகளிலும் உள்ள லேன் துளை 100 மெகாபிட்டுக்கு மேல் பேசாது. துளை ஜிகாபிட் என்றாலும் கம்பி காலை வாரலாம். நெட்வொர்க் கேபிளை வெட்டிப் பார்த்தால் உள்ளே எட்டு இழைகள்: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என நான்கு ஜோடி. 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீலத்தில் ஓர் இழை கிளிப்புக்குள் சரியாக உட்காராமல் போனாலும், ஆள் நான்கு இழையை மட்டும் வைத்து கிரிம்ப் அடித்திருந்தாலும், இரு முனைக் கருவிகளும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். சிவப்பு விளக்கு எரியாது, பிழைச் செய்தி வராது. விண்டோஸின் நெட்வொர்க் விவரப் பக்கத்தில் இணைப்பு வேகம் 1000 என்பதற்குப் பதில் 100 என்று மட்டும் இருக்கும்.

வைஃபை பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணை நம்பவே வேண்டாம். '1200' என்று போட்ட ரௌட்டரில் அந்த 1200 இரண்டு அலைவரிசைகளின் கூட்டுத்தொகை: 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 300, 5 ஜிகாஹெர்ட்ஸில் 867, பிறகு கொஞ்சம் தாராளம். ஒரு போன் ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றில்தான் பேசும். அதிலும் ரேடியோவில் ஒரே சமயத்தில் பேசவும் கேட்கவும் முடியாது; ஒருவர் பேசும்போது அந்தச் சேனலில் உள்ள மற்ற எல்லாரும், பக்கத்து வீட்டுக்காரர் உட்பட, வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். போன் காட்டும் 'லிங்க் ஸ்பீடு' எண்ணில் பாதி கிடைத்தால் நல்ல நாள். 2.4-ல் ஒன்றின்மேல் ஒன்று படியாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. இருபது வீடுகள் உள்ள அடுக்ககத்தில் இந்த மூன்றைத்தான் எல்லாரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். 5 ஜிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், ஆனால் அது சுவரைத் தாண்டத் திணறும். அழகு கெடக் கூடாது என்று ரௌட்டரை டிவி அலமாரிக்குள் பூட்டுவதும், இரும்பு பீரோவுக்குப் பின்னால் தள்ளுவதும் நம் வீடுகளில் சகஜம். 300 எம்பிபிஎஸ் பிளான் படுக்கையறைக்குள் 20-ஆக வந்து சேர்வதற்கு அந்த பீரோவே போதும்.

இனி வாசலுக்கு வெளியே. தொலைபேசிச் செம்புக் கம்பியில் இணையம் வந்த காலத்தில் வேகத்தைத் தீர்மானித்தது எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு இருக்கும் தூரம். ஏடிஎஸ்எல் 2 பிளஸ் என்ற தொழில்நுட்பத்தின் உச்சம் 24 எம்பிபிஎஸ். சில கிலோமீட்டர் தள்ளிப் போனால் அதில் சிறு பங்குதான் தேறும். 'வரை' என்று விளம்பரத்தில் போட அப்போது ஒரு நியாயம் இருந்தது. இன்று வீட்டுக்கு வரும் கண்ணாடி இழையில் அந்தத் தூரக் கணக்கு கிட்டத்தட்ட இல்லை. ஜிபான் முறையில் 20 கிலோமீட்டர்வரை வேகம் மாறாது. மாறுவது வெளிச்சத்தின் பலம். லைன் பார்க்க வருபவர் சட்டைப்பையிலிருந்து எடுக்கும் சின்ன மீட்டர் அதைத்தான் காட்டுகிறது. 'பவர் எவ்வளவு வருது?' என்று எதிர்முனையில் கேட்பார்கள். 'மைனஸ் 22' என்பார். இது டிபிஎம் என்ற அலகு. 3 குறைந்தால் வெளிச்சம் பாதியாகிவிட்டது என்று பொருள். மைனஸ் 22 பிரச்சினையில்லை. வீட்டுப் பெட்டியின் தாங்கு எல்லை பொதுவாக மைனஸ் 27. அதை நெருங்கும்போது இணைப்பு வருவதும் போவதுமாக இருக்கும். தாண்டினால் 'லாஸ்' என்று போட்ட விளக்கு சிவப்பாக எரியும். இழையை ஜன்னல் ஓரத்தில் மடக்கி ஆணி அடித்தாலே வெளிச்சம் வழியில் கசிந்துவிடும். பச்சை நிறக் கனெக்டரின் முகம் சற்றே சாய்வாகத் தீட்டப்பட்டது, நீலத்தின் முகம் நேரானது. அவசரத்தில் பச்சையை நீலத்தில் சொருகினால் அதுவும் கையோடு சில டிபியைத் தின்றுவிடும்.

அந்த ஒரு இழை உங்களுக்கு மட்டுமானதல்ல. கம்பத்திலோ சுவரிலோ இருக்கும் கறுப்புப் பெட்டிக்குள் ஸ்ப்ளிட்டர் ஒன்று வெளிச்சத்தைப் பிரிக்கிறது; 32 வீடு, 64 வீடு என்று ஒரே இழையில் தொங்குகின்றன. ஜிபானின் மொத்தக் கொள்ளளவு இறக்கத்துக்கு 2.488 ஜிகாபிட், ஏற்றத்துக்கு 1.244. 64 வீடுகளும் ஒரே விநாடியில் முழு மூச்சாக இழுத்தால் தலைக்கு 39 எம்பிபிஎஸ்கூட வராது. அப்படியிருக்க எல்லாருக்கும் 100, 200 என்று விற்பதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. யாரும் அப்படி இழுப்பதில்லை. படம் பார்க்கிறவர் வீட்டில்கூட, பெரும்பாலான விநாடிகளில் லைன் சும்மாதான் கிடக்கிறது. இந்தப் பங்கீட்டுக்கு கண்டென்ஷன் விகிதம் என்று பெயர். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2009-ல் வீட்டு இணைப்புகளுக்கு 1-க்கு 50, வணிக இணைப்புகளுக்கு 1-க்கு 30 என்று வழிகாட்டுதல் கொடுத்தது. நிறுவனம் மொத்தமாக வாங்கி வைத்திருக்கும் வெளி இணைப்பு இதைவிட மெலிந்தால் வலி தெரிவது இரவு ஒன்பது மணிக்கு, அல்லது கிரிக்கெட் இறுதிப்போட்டி அன்று. அதிகாலை ஐந்து மணிக்கு ஸ்பீடு டெஸ்ட் போட்டு 'சூப்பர்' என்று சொல்லிக்கொள்வதில் பயனில்லை.

டிராய் 2006-ல் கொண்டுவந்த சேவைத்தர விதிகளில் ஒரு வரி இருந்தது: விற்ற வேகத்தில் 80 சதவீதத்துக்கு மேல் வாடிக்கையாளருக்குக் கிடைக்க வேண்டும். நல்ல வரிதான். ஆனால் அது அளக்கச் சொன்னது நிறுவனத்தின் முனையத்திலிருந்து உங்கள் வீடுவரை. அதற்கு அப்பால் உங்கள் நிறுவனம் மற்ற நிறுவனங்களோடும் கடலடிக் கேபிள்களோடும் எவ்வளவு தாராளமாக இணைந்திருக்கிறது என்பது இந்த எண்ணில் வராது. யூட்யூப் பறக்கிறது, கல்லூரித் தளம் நகர மறுக்கிறது என்ற வழக்கமான புதிருக்கு விடை அங்கேதான் இருக்கிறது. கூகுளும் நெட்ஃபிளிக்ஸும் தங்கள் சேமிப்புக் கணினிகளை இணைய நிறுவனங்களின் அறைகளிலேயே வைத்துவிடுகின்றன. படம் பெரும்பாலும் உங்கள் ஊரிலிருந்தோ பக்கத்து நகரத்திலிருந்தோ வருகிறது. கல்லூரித் தளம் எங்கோ ஒரு மூலையில் உள்ள ஒரே ஒரு கணினியில் இருக்கிறது.

அடுத்தது தாமதம். தொழில்காரர்கள் லேட்டன்சி என்கிறார்கள், விளையாட்டுப் பிள்ளைகள் பிங் என்கிறார்கள். ஒரு சிறு பாக்கெட் போய்த் திரும்ப ஆகும் நேரம், மில்லி விநாடியில். இதற்கும் எம்பிபிஎஸ்ஸுக்கும் நேரடி உறவு கிடையாது என்பதுதான் பலருக்கும் பிடிபடாத இடம்.

அந்தமான் இதற்கு நல்ல சாட்சி. 2020 ஆகஸ்டில் சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள் திறக்கப்படும்வரை போர்ட் பிளேர் வெளியுலகோடு பேசியது செயற்கைக்கோள் வழியாக. அத்தகைய செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. கேள்வி மேலே போய்க் கீழே வர வேண்டும், பதிலும் அப்படியே. வெளிச்சத்தின் வேகத்திலேயே போனாலும் கிட்டத்தட்ட 480 மில்லி விநாடி ஆகிவிடும். செயற்கைக்கோளில் எவ்வளவு பணம் கொட்டி எத்தனை மெகாபிட் கூடுதலாக வாங்கினாலும் இந்த அரை விநாடியில் ஒரு மில்லி விநாடிகூடக் குறையாது. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் நேர்த்தூரம் 1,400 கிலோமீட்டருக்குள். கண்ணாடி இழையில் வெளிச்சம் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்வர 14 மில்லி விநாடி, வளைவு நெளிவுக்கு இன்னும் கொஞ்சம். கேபிள் வந்ததும் அங்கே கொள்ளளவு பெருகியதைத்தான் எல்லாரும் எழுதினார்கள். ஆனால் அரை விநாடித் தாமதம் அதில் சிறு துளியாகச் சுருங்கியது தனிச் சாதனை.

அதே கணக்கில் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும் ஐ2ஐ கேபிளின் நீளம் 3,200 கிலோமீட்டர். போய்வரக் குறைந்தது 32 மில்லி விநாடி. சிங்கப்பூர் சர்வரில் விளையாடும் சென்னைப் பையனுக்கு 40 வந்தால் அவன் நிறுவனத்தைப் பாராட்டலாம். 90 வந்தால், பாக்கெட் மும்பையைச் சுற்றிக்கொண்டு போகிறதோ என்று சந்தேகப்படலாம். 10 வேண்டும் என்று கேட்டால் இயற்பியலிடம்தான் கேட்க வேண்டும்.

பக்கம் திறக்கும் வேகத்தையும் பெரும்பாலும் தீர்மானிப்பது தாமதம்தான். முகவரியைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு நடை, கை குலுக்க ஒரு நடை, பூட்டுச்சாவி பேசிக்கொள்ள ஒன்றோ இரண்டோ நடை, பிறகே முதல் எழுத்து வரும். அமெரிக்காவில் உள்ள தளத்துக்கு ஒரு நடை 200 மில்லி விநாடி என்றால், 50 எம்பிபிஎஸ்காரருக்கும் 500 எம்பிபிஎஸ்காரருக்கும் முக்கால் விநாடி வெள்ளைத் திரைதான். 2010-ல் கூகுளில் இருந்த மைக் பெல்ஷி இதை அளந்து காட்டினார். இணைப்பை 5-லிருந்து 10 எம்பிபிஎஸ்ஸாக இரட்டித்தபோது பக்கம் திறக்கும் நேரம் சுமார் 5 சதவீதம்தான் குறைந்தது. தாமதத்தைக் குறைத்தபோதோ, குறைக்கக் குறைக்கப் பலன் கூடிக்கொண்டே போனது. பதினைந்து வருடம் தாண்டியும் எந்த விளம்பரத்திலும் மில்லி விநாடி ஏறவில்லை.

தாமதம் ஒரே சீராக இருந்தால்கூடச் சமாளித்துவிடலாம். ஒரு பாக்கெட் 20-லும் அடுத்தது 140-லும் வந்தால்தான் குரல் நசுங்கும். இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பெயர் ஜிட்டர். தொலைபேசிப் பேச்சுக்கு ஒரு வழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. அதைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் 'சொல்லுங்க, சொல்லுங்க' என்று நிறுத்துவார்கள்.

பாக்கெட் வழியில் தொலைந்துபோவதும் உண்டு. 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே, 400 கஜ தூரத்தில், விநாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு திடீரென்று 40 பிட்டுக்கு விழுந்தது. ஆயிரம் என்று பிழையாகப் படித்துவிடாதீர்கள், வெறும் 40. நெரிசலில் பாக்கெட்டுகள் தொலைய, ஒவ்வொரு கணினியும் அவற்றைத் திரும்பத் திரும்ப அனுப்பி நெரிசலை இன்னும் மோசமாக்கியதே காரணம். வான் ஜேக்கப்சன் இதை ஆராய்ந்து 1988-ல் ஒரு கட்டுரை எழுதினார். பாக்கெட் தொலைந்தால் அதை நெரிசலின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறை, பிறகு மெல்ல ஏற்று என்பது அதன் சாரம். இணையம் இன்றும் பெரும்பாலும் அந்த மரியாதையில்தான் ஓடுகிறது. விலை என்னவென்றால், நெரிசலே இல்லாமல் பழுதடைந்த கம்பியாலோ மோசமான வைஃபையாலோ பாக்கெட் தொலைந்தாலும் அனுப்புகிறவர் பயந்து வேகத்தைக் குறைத்துவிடுவார். 1997-ல் வெளியான மாத்திஸ் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன்: 200 மில்லி விநாடி தாமதம், நூற்றுக்கு ஒரு பாக்கெட் இழப்பு என்றால், பழைய முறையில் இயங்கும் ஒற்றை இணைப்பு முக்கால் எம்பிபிஎஸ்ஸைக்கூடத் தொடாது. பிளான் 100 ஆனாலும் சரி, 1000 ஆனாலும் சரி. 2016-ல் கூகுள் வெளியிட்ட பிபிஆர் போன்ற புதிய முறைகள் இவ்வளவு பயப்படுவதில்லை. ஆனால் நீங்கள் திறக்கும் தளம் எதில் ஓடுகிறது என்பது உங்கள் கையில் இல்லை.

இத்தனைக்கும் மேலே ஒன்று உண்டு. வீட்டு இணையத்தின் மிகப் பெரிய கோளாறு எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். 2010-ல் பெல் ஆய்வகத்தில் இருந்த ஜிம் கெட்டிஸ், வீட்டிலிருந்து பெரிய கோப்பு ஒன்றை அனுப்பும்போது மற்ற எல்லாம் ஏன் ஸ்தம்பிக்கிறது என்று தோண்டத் தொடங்கினார். கண்டது, ரௌட்டருக்குள் இருக்கும் நினைவக வரிசை. பாக்கெட் தொலையக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் நிறுவனங்கள் அந்த வரிசையை நீளமாக்கி வைத்திருந்தன. நீளமான வரிசை ரேஷன் கடை வரிசை மாதிரி: ஒருவர் பத்துக் குடும்ப அட்டையோடு முன்னால் நின்றுவிட்டால், ஒரு தீப்பெட்டி வாங்க வந்தவரும் பின்னாலேயே நிற்க வேண்டும். 10 எம்பிபிஎஸ் ஏற்றம் உள்ள லைனில் ஒரு மெகாபைட் வரிசை நிரம்பினால் அது காலியாக 0.8 விநாடி. போன் அன்றைய புகைப்படங்களை மேகத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்க, பக்கத்து அறையில் நேர்காணலில் இருப்பவரின் ஒவ்வொரு சொல்லும் 0.8 விநாடி வரிசையில் நிற்கும். பஃபர்புளோட் என்று இதற்குப் பெயர் வைத்தவர் கெட்டிஸ். 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் அதே வான் ஜேக்கப்சனும் 'கோடெல்' என்ற தீர்வைக் கொடுத்தார்கள்: ஒரு பாக்கெட் வரிசையில் எவ்வளவு நேரம் நின்றது என்று பார், அதிகமானால் ஓரிரண்டைத் தூக்கிப்போடு, அனுப்புகிறவர் புரிந்துகொண்டு மெதுவாவார். தீர்வு வந்து இத்தனை காலம் ஆகியும், பிளானோடு இலவசமாக வரும் பல பெட்டிகளில் அதை இயக்கும் வசதியே கண்ணில் படுவதில்லை. தனியாக வாங்கும் சில ரௌட்டர்களில் 'க்யூஓஎஸ்' அல்லது 'எஸ்க்யூஎம்' என்ற பெயரில் இருக்கும். அதில் வேகத்தை லைனின் 90, 95 சதவீதமாகக் குறைத்து வைத்தால் வரிசை வீட்டிலேயே கட்டுக்குள் வரும். வேகத்தை வெட்டினால் வேகம் கூடுவது போலத் தோன்றுவது இங்கே மட்டும்தான்.

ஸ்பீடு டெஸ்ட் இதையெல்லாம் காட்டாதா என்றால், எப்படிப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிரபலமான சோதனைகள் மிக அருகில் உள்ள சர்வரைத் தானாகத் தேர்ந்தெடுக்கும். அது பல நேரம் உங்கள் நிறுவனத்தின் அறையிலேயே இருக்கும். ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து இழுக்கும், அதனால் பாக்கெட் இழப்பின் பாதிப்பு மறைந்துபோகும். லைன் சும்மா இருக்கும்போது எடுத்த பிங்கை மட்டும் பெரிய எழுத்தில் போடும். பயனுள்ள சோதனை வேண்டுமானால் வைஃபையை விட்டுவிட்டுக் கம்பியில் மடிக்கணினியைச் செருகுங்கள், இரவு ஒன்பது மணிக்குப் போடுங்கள், சர்வரைச் சிங்கப்பூர் என்றோ மும்பை என்றோ கையால் மாற்றிப் பாருங்கள். முடிவில் டவுன்லோடு, அப்லோடு நடந்துகொண்டிருந்தபோது பிங் எவ்வளவு ஏறியது என்ற சின்ன எழுத்து எண்களைத் தேடுங்கள். சும்மா இருக்கும்போது 8, அப்லோடின்போது 600 என்றால், மேலே சொன்ன வரிசை உங்கள் வீட்டிலும் இருக்கிறது.

எவ்வளவு வேகம்தான் வேண்டும்? 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ், 1080-க்கு 5. தெளிவான வீடியோ காலுக்கு இரு திசையிலும் மூன்று நான்கு. இரண்டு டிவி 4கே ஓட, இரண்டு பேர் காலில் இருக்க, பிள்ளைகள் ரீல்ஸ் பார்த்தாலும் 50-க்குள் அடங்கிவிடும். நால்வர் வீட்டில் 100-க்கு மேல் கொடுக்கும் பணம் பெரும்பாலும், பெரிய விளையாட்டுக் கோப்புகள் இறங்கும் நேரத்தைக் குறைப்பதற்குத்தான் போகிறது. அது வேண்டும் என்பவர் தாராளமாக வாங்கட்டும். அப்லோடு எவ்வளவு என்று கேட்காமல் மட்டும் வாங்க வேண்டாம். செம்புக் கம்பிக் காலத்தில் ஏற்றத்துக்குக் கொஞ்சமே ஒதுக்கியது அன்றைய தேவைக்குச் சரி. இன்று வீட்டுக் கேமரா, பின்னணியில் ஓடும் புகைப்படப் பிரதி, ஆன்லைன் வகுப்பு எல்லாம் மேல்நோக்கிப் போகின்றன. ஃபைபரில் இரு திசைக்கும் சம வேகம் கொடுக்கும் பிளான்கள் நம் ஊரிலேயே உண்டு. 100-க்கு 10 கொடுப்பதைவிட 50-க்கு 50 கொடுப்பது மேல்.

'அன்லிமிடெட்' என்ற சொல்லைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை, சின்ன எழுத்தில் ஒரு எல்லை இருக்கும் என்று தெரிந்தால் சரி. 3,300 ஜிபி என்பது வழக்கமான ஒரு எல்லை. மணிக்கு 7 ஜிபி தின்னும் 4கே படத்தை நாளுக்குப் பதினாறு மணி நேரம், மாதம் முழுக்கப் பார்த்தால் அதைத் தொடலாம். எல்லை தாண்டியபின் வேகம் எவ்வளவாகக் குறையும் என்பதுதான் கேள்வி. அது 512 கிலோபிட்டுக்குக் கீழே போகக் கூடாது என்று 2016-ல் டிராய் உத்தரவிட்டது. 512-ல் வாட்ஸ்அப் ஓடும், படம் ஓடாது.

விளம்பரத்தில் என்ன போட வேண்டும் என்பதில் மற்ற நாடுகள் சில அடி முன்னே போயிருக்கின்றன. பிரிட்டனில் முன்பு பத்தில் ஒருவருக்கு எட்டும் வேகத்தை 'வரை' என்று போட்டு விற்க முடிந்தது. 2018 மே முதல், இரவு 8 முதல் 10 மணி வரையிலான நெரிசல் நேரத்தில் பாதிப் பேருக்காவது கிடைக்கும் வேகத்தைத்தான் போட முடியும். அமெரிக்காவில் 2024 ஏப்ரலிலிருந்து பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு பிளானுக்கும், உணவுப் பொட்டலத்தின் சத்துப் பட்டியலை முன்மாதிரியாக வைத்த சீட்டு ஒன்றைக் காட்ட வேண்டும். அதில் வழக்கமான டவுன்லோடு, வழக்கமான அப்லோடு, வழக்கமான தாமதம் மூன்றும் வரிசையாக இருக்கும். டிராயும் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட புதிய சேவைத்தர விதிகளில் தாமதம், பாக்கெட் இழப்பு ஆகியவற்றோடு ஜிட்டரையும் அளவுகோலாகச் சேர்த்தது. அளவுகோல் கோப்பில் இருக்கிறது. அதை நோட்டீஸில் அச்சடிக்கச் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்.

அதுவரை வாடிக்கையாளர் கையில் இருப்பது புகார் எண். 2012-ன் குறைதீர்ப்பு விதிகளின்படி நிறுவனம் ஒவ்வொரு புகாருக்கும் டாக்கெட் எண் தர வேண்டும், பதில் திருப்தியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் போகலாம். 'நெட் ஸ்லோ' என்று எழுதினால் 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்ற பதில்தான் வரும். கம்பியில் எடுத்த சோதனை, தேதி, நேரம், எந்த ஊர் சர்வர், சும்மா இருக்கும்போது பிங் எவ்வளவு, ஏற்றத்தின்போது எவ்வளவு, நூறு பிங்கில் எத்தனை திரும்பி வரவில்லை என்று எழுதிப் பாருங்கள். லைன் பார்க்க வருபவர் மீட்டரோடுதான் வருவார்.